பரத் தூண்டிலைத் தொடவில்லை

நேற்று மாலை நான் கல்லூரியிலிருந்து திரும்பியபோது நீ கூடத்தில் தரையில் உட்கார்ந்து உன் தூண்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தாய். துண்டு துண்டாகக் கழற்றிய கோல், கயிறு சுற்றிய சுருள், இறகு கட்டிய கொக்கிகள் இருக்கும் சின்ன டப்பா எல்லாம் செய்தித்தாளின் மேல் வரிசையாக இருந்தன. பக்கத்தில் பெரிய பெட்டி திறந்து கிடந்தது. "இதையும் எடுத்துட்டுப் போறியா?" என்று கேட்டேன். "அங்க ஏரி நிறைய இருக்கும்மா" என்றாய், தலையைத் தூக்காமல். நான் உள்ளே போய் அரிசி களைந்தேன். நீ கனடாவுக்குக் கிளம்ப இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. அதற்குள் பரத்தின் அம்மா கோமதி மாமி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன் என்று இரண்டு முறை என்னிடம் சொல்லியிருக்கிறாய். தூண்டிலுக்குப் பெட்டியில் இடம் கண்டுபிடித்த உனக்கு, மூன்று தெரு தள்ளி இருக்கும் அந்த வீட்டுக்குப் போக நேரம் வாய்க்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நேரில் பேசினால் நீ கேட்டுக்கொண்டே கைபேசியை எடுப்பாய். நான் பாதியில் நிறுத்திவிடுவேன். நம் இருவருக்கும் அது பழக்கம். இதை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. சாப்பாட்டு மேசையில் திறந்தே வைக்கிறேன். உன் அப்பாவும் படிக்கட்டும்.

இந்த ஆசை உனக்கு எப்படி வந்தது என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. நம் வீட்டில் யாரும் மீன் பிடித்ததில்லை, வாங்கித் தின்றவர்கள்தான். ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, யாரோ ஒருவர் மலை ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று தலைக்கு மேல் கயிற்றை முன்னும் பின்னும் வீசுவதை நீ கைபேசியில் மணிக்கணக்காகப் பார்த்தாய். அதில் சத்தமே இல்லை. ஆம்புலன்ஸ் ஓசை கேட்டுக்கொண்டிருந்த அந்த நாட்களில் அது உனக்குத் தேவைப்பட்டிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். பிறகு கோல் வந்து சேர்ந்தது. அடுப்படி வாசலில் நின்று எனக்கு விளக்கினாய். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு கயிற்றை இழுத்துக்கொண்டு போகும். இதில் கொக்கிக்கு எடையே கிடையாது, வெறும் இறகும் நூலும் சுற்றிய பொய்ப் பூச்சி. கயிற்றின் எடைதான் அதைச் சுமந்து போய்த் தண்ணீரின் மேல் மெதுவாக இறக்கும். டிரவுட் என்கிற குளிர்நீர் மீன் அதை உண்மைப் பூச்சி என்று நம்பி மேலே வரும். நான் வேதியியல் படித்தவள். எதையும் ஏன் என்று கேட்காமல் விட்டதில்லை. "சரி, பிடிச்ச அப்புறம்?" என்றேன். "அப்புறம் விட்டுருவோம்மா. அதுதான் முறை" என்றாய்.

இதைப் பட்டினப்பாக்கத்தில் நாம் வழக்கமாக மீன் வாங்கும் அம்மாவிடம் சொன்னேன். அவர் கத்தியை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா சொல்ற? புட்ச்சுட்டு வுட்டுருவானா? அப்ப இன்னாத்துக்குப் புடிக்கிறான்? மீனுக்கு வாய் வலிக்காதா? இங்க அனுப்பு அவன. வஞ்சிரம் வெட்டித் தரேன், வூட்டுக்கு எத்துக்கினு போவட்டும்." நான் அவர் கட்சி. பசிக்குக் கொல்வது எனக்குப் புரிகிறது. விளையாட்டுக்கு வலிக்கச் செய்துவிட்டு அதற்குக் கருணை என்று பெயர் வைப்பது இன்றுவரை புரியவில்லை. ஆனாலும் உன்னைத் தடுக்கவில்லை. இருபத்தோரு வயதுப் பையன் குடிக்காமல், ஊர் சுற்றாமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு நந்தனம் மைதானத்துக்குப் போய்க் கயிறு வீசுகிறான். இதில் என்ன கெட்டுவிடும் என்று நினைத்தேன்.

ஒருநாள் நடைப்பயிற்சிக்கு வந்தவள் மைதானத்து ஓரத்தில் நின்று உன்னையும் பரத்தையும் பார்த்தேன். கொக்கிக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டு கட்டி, புல்லின் மேல் நீ வீசிக்கொண்டிருந்தாய். பரத் தூரத்தில் ஒரு துண்டை விரித்து வைத்து, நூல் அதன் மேல் விழுகிறதா என்று பார்த்துக் கையைத் தூக்கினான். கிரிக்கெட் ஆடிய பையன்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு உங்களைச் சுற்றி வந்தார்கள். "இன்னா மச்சி, தரையில இன்னா மீனு கீது?" என்று ஒருவன் கேட்டான். பரத் சிரிக்காமல், "சுறா. கால எடு, கடிச்சிரும்" என்றான். அந்தப் பையன் உண்மையாகவே காலை எடுத்தான். நீ சிரித்துச் சிரித்துக் கயிற்றில் சிக்கிக்கொண்டாய். உன்னை அப்படிச் சிரிக்க வைக்க வேறு யாராலும் முடிந்ததில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அவன் அப்படித்தான். நம் வீட்டில் மீன் குழம்பு கொதிக்கும் நாளில் தட்டைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்த் தயிர்சாதம் சாப்பிடுவான். "ஆன்ட்டி, இந்த வாசனைக்கே எனக்கு அடுத்த ஜென்மம் போச்சு" என்பான். ஆனாலும் அந்த நாளில்தான் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வருவான்.

நீங்கள் இருவரும் நீலகிரிக்குக் கிளம்பிய காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஏரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. நீ மார்பு வரை ஏறும் ரப்பர் உடுப்பைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டிருந்தாய். பரத் வாசலில் கேமராவை மாட்டிக்கொண்டு நின்றான். "ஆன்ட்டி, எங்கம்மா கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டா. தூண்டிலைத் தொடக் கூடாதாம். ஸ்வெட்டர மறந்தாலும் பரவாயில்ல, இத மறக்காதேங்கறா" என்றான். "அப்ப நீ எதுக்குப் போற?" என்றேன். "உங்க பையன் மீனோட பல்லக் காட்டிண்டு நிக்கறச்சே போட்டோ எடுக்க ஒரு ஆள் வேணாமா?" என்றான். நான் உங்களுக்கு இட்லி கட்டிக் கொடுத்தேன். "நீச்சல் தெரியுமா?" என்று கேட்கவில்லை. மயிலாப்பூரில் வளர்ந்து, மெரினாவில் கால் நனைத்து நனைத்து இருபது வருடம் கடந்த பிள்ளைகளில் நீச்சல் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று அதற்குப் பிறகு நான் கேட்கத் தொடங்கினேன். என் வகுப்பில் இன்னமும் கேட்கிறேன். கைகள் அதிகம் உயர்வதில்லை. நீ போகும் ஊரில் முதல் சம்பளத்தில் எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் நீச்சல் கற்றுக்கொள்.

மறுநாள், பரத் ஏரியில் மூழ்கிவிட்டான் என்று செய்தி வந்தது. நாங்களும் பரத்தின் பெற்றோரும் ஒரே வண்டியில் மலை ஏறினோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் யாருடையதோ சால்வையைப் போர்த்திக்கொண்டு நீ நின்றாய். உன் உதடு நீலமாக இருந்தது. பரத்தின் அப்பா உன் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான். "ஏன்டா தண்ணில இறங்கினான்?" நீ சொன்னாய்: "தூண்டில் போட்டுப் பாக்கணும்னு ஆசைப்பட்டான் மாமா. என் கோலை வாங்கிட்டு இறங்கிட்டான். அங்க ஆழம்னு தெரியல." அவர் தோளை விட்டுவிட்டார். பின்னால் நின்ற கோமதி மாமி அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "தூண்டிலையா?" என்றார். நீ தலையை ஆட்டினாய்.

அந்த ஒரு பதில் அந்த வீட்டில் என்ன செய்தது என்று நீ பார்த்திருக்கிறாய். நானும் பார்த்தேன். காரியங்கள் முடிந்து உறவினர்கள் போன பிறகும் பரத்தின் படத்தை அவர் மாட்டவில்லை. நான் ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "என்னை ஏமாத்திட்டுப் போனவனுக்குப் படம் ஒண்ணுதான் குறைச்சல்" என்றார். மாடவீதியில் காய்கறி வாங்கும் இடத்தில், தெரிந்தவர்கள் துக்கம் கேட்டால், "சத்தியம்னா விளையாட்டுன்னு நினைச்சுட்டான். நான் என்ன பண்றது?" என்பார். அழமாட்டார். மகன் செத்துப்போன துக்கத்தை, மகன் தனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டான் என்ற கோபம் மூடிவிட்டது. அழுவதற்குக்கூட அவருக்கு அனுமதி இல்லாமல் போயிற்று. உன்னைப் பார்த்தபோது அவர் சொன்னதை மறந்திருக்கமாட்டாய். "உன் மேல எனக்கு ஒரு குறையும் இல்லடா. நீ தடுத்துத்தான் பாத்திருப்பே. அவன் கேட்டிருக்க மாட்டான்." நீ தலையைக் குனிந்துகொண்டு அவர் போட்ட அடையைச் சாப்பிட்டாய். நான் உன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அன்றுதான் எனக்குச் சந்தேகம் உறுதியானது.

எனக்குச் சத்தியங்களில் நம்பிக்கை கிடையாது. கோயிலிலும் அவ்வளவாக இல்லை. ஆனால் மனிதர்கள் எதைச் செய்வார்கள், எதைச் செய்யமாட்டார்கள் என்பதை ஓரளவு கணிக்கமுடியும் என்று நம்புகிறேன். பரத் எல்லாவற்றையும் கேலி செய்வான். அம்மாவுக்குச் சொன்னதை மட்டும் கேலி செய்துகொண்டே காப்பாற்றுவான். கல்லூரியில் எல்லோரும் முட்டை பப்ஸ் தின்றபோது அவன் மட்டும் வெறும் டீயைக் குடித்துக்கொண்டு அவர்களைக் கிண்டல் செய்ததை நீதான் வந்து சொல்லியிருக்கிறாய். அவன் ஒரே நாளில், ஓர் ஏரியைப் பார்த்த மயக்கத்தில், கோலை வாங்கினான் என்பது எனக்குப் பொருந்தவே இல்லை. மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது உன்னைக் கூப்பிட்டேன். ஆடிக் காற்றில் புடவை முகத்தில் அடித்தது. "பரத் தூண்டிலைத் தொட்டானா?" என்று கேட்டேன். நீ பறந்த புடவை நுனியை இழுத்துக் கொடியில் செருகினாய். பிறகு "இல்லம்மா" என்றாய்.

நீ அன்று சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன், உன் அப்பாவுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக. சாயங்காலம், காற்று நின்ற நேரம். தண்ணீர் முழுக்க வட்டம் வட்டமாக மீன்கள் மேலே வந்து பூச்சி தின்றுகொண்டிருந்தன. நீ தொடையளவு தண்ணீரில் நின்றாய். பரத் கரையில் இருந்தான். பெரிய மீன் ஒன்று மாட்டியது. அதை உடனே இழுக்கக் கூடாது, மெல்லிய நூல் அறுந்துவிடும். ஓடவிட்டு இழுத்து, ஓடவிட்டு இழுத்து, களைக்க வைத்துத்தான் கிட்டே கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தாய். கையில் தூக்கி நின்றாய். பரத் படம் எடுத்தான், சரியாக வரவில்லை என்று மறுபடி எடுத்தான். பிறகு நீ அதைத் தண்ணீரில் விட்டாய். களைத்த மீனை அப்படிப் போட்டுவிடக் கூடாது, வயிற்றின் கீழே கையைக் கொடுத்துத் தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும், அது மூச்சு வாங்கித் தானாக உதறிக்கொண்டு போகும்வரை நிற்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். என்னிடம் நீயே சொல்லிக்கொடுத்த முறைதான் அது. ஆனால் சுற்றிலும் வட்டங்கள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நீ திரும்பி நின்று அடுத்த வீச்சுக்குக் கயிற்றை இழுத்தாய்.

கரையிலிருந்து அவன் கூப்பிட்டிருக்கிறான். "டேய், மல்லாந்து போறதுடா." நீ, "போயிடும், விடு" என்றாய். "போகலடா. வாயத் திறந்து திறந்து மூடறது." நீ கயிற்றை மறுபடி வீசினாய். அவன் கேமராவைப் புல் மேல் வைத்துவிட்டு, ஜீன்ஸை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு, உனக்குப் பக்கவாட்டில் இறங்கினான். அவன் குனிந்து அதை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்ததை நீ ஓரக்கண்ணால் பார்த்தாய். அது கையிலிருந்து நழுவியது. அவன் இன்னும் இரண்டு எட்டு வைத்தான். தண்ணீர் வற்றி வற்றி ஏறும் நீர்த்தேக்கம், அடியில் சேறு, அதற்கு அப்பால் சட்டென்று சரிவு. நீ தண்ணீர்ச் சத்தம் கேட்டுத் திரும்பியபோது அவன் தலை மட்டும் தெரிந்தது. நீ அவனை நோக்கிப் போனாய். ரப்பர் உடுப்புக்குள் தண்ணீர் ஏறி, காலைத் தூக்க முடியாமல் நின்றுவிட்டாய். அந்தக் குளிரில் அது அதிக நேரம் ஆகவில்லை என்றாய். உன்னால் காப்பாற்றியிருக்க முடியாது என்பதை நான் நம்புகிறேன். நீயும் போயிருப்பாய். அதற்காக உன்னை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.

நான் குறை சொல்வது வராந்தாவில் நீ சொன்ன பதிலை. "என் மீனுக்காக இறங்கினான்" என்று சொல்ல உனக்குப் பயமாக இருந்தது. புரிகிறது. அந்த நிமிடத்தில் யாராக இருந்தாலும் உளறியிருப்பார்கள். ஆனால் அந்த நிமிடம் முடிந்துவிட்டது. அடுத்த நாள் வந்தது, பத்தாம் நாள் வந்தது, அடை சாப்பிட்ட நாள் வந்தது. ஒவ்வொரு நாளும் நீ அதை மறுபடி சொன்னாய், வாயைத் திறக்காமலே. அவன் பிடித்ததே ஒரு மீனைத்தான், அதுவும் அது பிழைக்கட்டும் என்று. அவனுடைய அம்மா தெருவெல்லாம் அவனை வாக்கு மீறியவன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். செத்தவனால் வந்து மறுக்க முடியாது என்பதைத்தான் நீ நம்பியிருக்கிறாய்.

உன் அப்பாவிடம் பட்டும் படாமலும் ஒருமுறை பேசிப் பார்த்தேன். "போன உயிர் திரும்பி வரப்போறதில்ல. இப்ப போய் எதக் கிளறி என்ன ஆகப்போகுது? பையன் வெளிநாடு போற நேரம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. உன்னை நினைக்கிறார். நானும் பல மாதங்கள் அவரைப்போலத்தான் இருந்தேன். நீயாகப் போய்ச் சொன்னால் உனக்கு நல்லது என்று காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பில் யாருடைய நல்லதைப் பார்த்தேன் என்று நேற்று அரிசி களையும்போதுதான் யோசித்தேன். உன்னுடையதை மட்டும்தான்.

இன்று காலை நான் கோமதி மாமி வீட்டுக்குப் போனேன்.

அவர் கூடத்தில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "வாங்கோ மேடம், பையன் கிளம்பியாச்சா?" என்றார். நான் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சுற்றி வளைத்திருப்பேன். மேலே எழுதியதைத்தான் சொன்னேன், இதைவிடச் சுருக்கமாக. அவர் நறுக்கிக்கொண்டே கேட்டார். மல்லாந்த மீனைப் பற்றிச் சொன்னபோது கத்தி நின்றது.

"தொடவே இல்லையா?"

"தொடலை."

"சத்தியமா?"

என்னிடம் அந்தச் சொல் இல்லை. "நடந்தது அதுதான், மாமி" என்றேன்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் இல்லாமல், யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். "கார்த்தால எழுந்ததும் அவனைத் திட்டிண்டேதான் காபி போடுவேன். ஒருநாள் விட்டதில்லை. நேத்திக்குக் கூடத் திட்டினேன். இன்னிக்குக் கூட." குரல் உயரவே இல்லை. அதைக் கேட்பதைவிட அவர் என்னை அடித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்கு எப்போ தெரியும்?" என்றார். "ஆடியிலேர்ந்து" என்றேன். "ஆடி" என்று அவரும் சொன்னார். இப்போது மாசி. அதை அவர் மனதுக்குள் எண்ணியிருப்பார். "உக்காருங்கோன்னு உங்களைச் சொல்ல எனக்கு இப்போ மனசு வரலை மேடம்" என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தேன்.

செருப்பை மாட்டும்போது கூப்பிட்டார். எழுந்து கதவு வரை வந்திருந்தார், மடியிலிருந்த காய் தரையில் சிந்தியிருந்தது. "அந்த மீன் என்னாச்சு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன். எத்தனையோ முறை அந்த மாலையை உன்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்; இதைக் கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. "அவனுக்குத் தெரியுமோ?" என்றார். தெரிந்திருக்கலாம் என்றேன். "அனுப்புங்கோ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்கு அது தெரியணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எனவே நீ போக வேண்டும். தனியாகப் போ; நான் கூட வரமாட்டேன். மாலையில் அவர் வீட்டில்தான் இருப்பார். மன்னிப்புக் கேட்பதை முதலில் வைக்காதே, அது உனக்கு வேண்டியது. அவர் கேட்டதற்கு முதலில் பதில் சொல். அது போயிற்று என்றால் போயிற்று என்று சொல். செத்து மிதந்தது என்றால் மிதந்தது என்று சொல். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று சொல். அவர் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்று உனக்கு நன்றாகவே தெரியும். அதற்காக, இல்லாத ஒரு மீனை அவர் முன்னால் நீந்த விட்டுவிடாதே.

அம்மா